ரைசன் 7 1700: நாலு கிகாஹெர்ட்ஸ் நிஜமாகவே சும்மா கிடைக்குமா?

கேள்வி, 5 மார்ச் 2017

"ஏஎம்டியின் புது ரைசன் 7 பிராசசரில் மூன்று மாடல்: 1700, 1700எக்ஸ், 1800எக்ஸ். 1800எக்ஸுக்குக் கூடுதலாக 170 டாலர் அழுகிறவன் ஏமாளி. மூன்று மாடலும் ஒரே சில்லுதான். 329 டாலர் 1700-ஐ வாங்கு, மல்டிப்ளையரை (100 மெகாஹெர்ட்ஸை எத்தனையால் பெருக்குவது என்ற எண்) 40-க்கு ஏற்று, கதை முடிந்தது. மறுப்பவர் யாராவது உண்டா?"

5 மார்ச், இரவு

மறுக்க வரவில்லை. நேற்றே பணம் கட்டிவிட்டேன், 1700-க்குத்தான். மதுரையில் கல்யாண வீடியோ எடிட்டிங் என் பிழைப்பு. இப்போது இருப்பது ஏஎம்டியின் பழைய பிராசசர் எஃப்எக்ஸ் 8350, 4.6 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. இரண்டு மணி நேரப் படம் ரெண்டர் ஆகி (வெட்டி ஒட்டியதெல்லாம் ஒரே ஃபைலாகி) வெளியே வர 2 மணி 50 நிமிடம். முகூர்த்த மாதம் என்றால் ராத்திரி முழுக்க அது ஓடும், நான் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்திருப்பேன். எட்டு கோர், பதினாறு த்ரெட், 65 வாட் என்று படித்ததும் கை தானாகப் போய்விட்டது. இன்டெலில் எட்டு கோர் வேண்டுமென்றால் 6900கே, ஆயிரம் டாலருக்கு மேல். அந்தக் காசுக்கு நான் ஒரு கேமரா வாங்குவேன்.

எஃப்எக்ஸை 4.0-இலிருந்து 4.6-க்கு ஏற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன்: இது 14 நானோமீட்டர், புதுச் சரக்கு. 4.0 என்ன, 4.3 வரைக்கும் போகும்.

(மே மாதப் பிற்சேர்க்கை: மேலே உள்ள வரியை வேண்டுமென்றே அழிக்காமல் விட்டிருக்கிறேன். சிரித்துக்கொள்ளுங்கள்.)

11 மார்ச்

பிராசசர் வந்துவிட்டது. மதர்போர்டு வரவில்லை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் நண்பன் கடை கடையாக ஏறி இறங்குகிறான், ரைசன் உட்காரும் ஏஎம்4 சாக்கெட் போர்டுக்கு எங்கேயும் ஒரே பதில்: "ஏஎம்4 போர்டா, அடுத்த வாரம் பாருங்க சார்." பொண்ணு ரெடி, மண்டபம் கிடைக்கவில்லை. பெட்டி சாமி அலமாரியில் இருக்கிறது. அம்மா அதற்குக் குங்குமம் வைத்துவிட்டார்.

14 மார்ச்

1700எக்ஸ் வாங்கியவர் ஒருவர், சும்மா இருக்கும்போதே 58 டிகிரி காட்டுகிறது என்று பதறியிருக்கிறார். பதற வேண்டாம். 1700எக்ஸும் 1800எக்ஸும் காட்டுகிற சூட்டில் 20 டிகிரி கூட்டித்தான் வெளியே சொல்லும். ஏஎம்டியே சொல்லிவிட்டது, எல்லா மாடலிலும் ஃபேன் ஒரே மாதிரி சுற்ற வேண்டும் என்பதற்காகச் செய்ததாம். 20-ஐக் கழித்தால் உங்கள் நிஜம் 38. 1700-க்கு இந்தக் கணக்கு கிடையாது, காட்டுவதுதான் சூடு. தெரியாமல் நானும் 20-ஐக் கழித்துச் சந்தோஷப்பட இருந்தேன்.

அதே அறிக்கையில் விண்டோஸ் 10-இன் ஷெட்யூலரில் (எந்த வேலை எந்தக் கோருக்கு என்று பிரித்துக் கொடுப்பது) கோளாறு இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள். கேமில் வேகம் குறைவதற்கெல்லாம் மைக்ரோசாஃப்டைத் திட்டிக்கொண்டிருந்தவர்கள் வேறு ஆளைத் தேடிக்கொள்ளலாம்.

19 மார்ச்

போர்டு நேற்றுக் காலை ஆம்னி பஸ் பார்சலில் வந்தது. பி350 சிப்செட். எக்ஸ்370 வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு: பி350-லேயே ஓவர்கிளாக் (வேகத்தை நாமே ஏற்றுவது) திறந்திருக்கிறது, ஏ320-இல்தான் பூட்டு. 16 ஜிபி ரேம், இரண்டு குச்சி, 3000 என்று ஸ்டிக்கர்.

முதல் பூட்டில் ரேம் 2133 காட்டியது. சரி, இது வழக்கம்தான், ரேமிலேயே எழுதியிருக்கிற வேக ப்ரொஃபைலைத் தட்டுவோம் என்று 2933 வைத்தேன் (3000 என்ற படியே இந்தப் போர்டில் இல்லை, 2133, 2400, 2667, 2933, 3200, அவ்வளவுதான்). திரை கறுப்பு. ஃபேன் சுற்றும், நிற்கும், சுற்றும், நிற்கும். ஐந்து தடவை முயன்றுவிட்டுத் தானாக 2133-க்குத் திரும்பியது. 2667, அதே கூத்து. மூன்றாவது தடவை தானாகத் திரும்பவும் இல்லை. ஸ்க்ரூ டிரைவர் நுனியால் அந்த இரண்டு பின்னையும் சேர்த்துத் தொட்டு பயாஸை (போர்டின் அடிப்படை அமைப்புகளை) வெறுமையாக்க வேண்டியதாயிற்று.

இப்போதைக்கு 2133. பெட்டியோடு வந்த கூலர், எந்த ஏற்றமும் இல்லை. எட்டு கோரும் வேலை செய்யும்போது 3.2 கிகாஹெர்ட்ஸ், ஒரே கோர் என்றால் 3.75. பிராசசர் வேகத்துக்கு மதிப்பெண் போடும் சினிபெஞ்ச் ஆர்15: 1408. அந்த இரண்டு மணி நேரப் படம்: 91 நிமிடம்.

170 நிமிடம் 91 ஆகிவிட்டது. புத்தி உள்ளவன் இத்தோடு நிறுத்தி வேலையைப் பார்த்திருப்பான்.

20 மார்ச்

3.8-க்கு 1.3 வோல்ட், சினிபெஞ்ச் 1620. பெட்டியோடு வந்த கூலரில் 88 டிகிரி. என் அறை மொட்டை மாடிக்கு நேர் கீழே, ஏசி கிடையாது, சாயங்காலம் 35 டிகிரி. குளிர்நாட்டு விமர்சகர்கள் 22 டிகிரி அறையில் எடுத்த எண்களைப் பார்த்து ஏங்காதீர்கள். அந்த 13 டிகிரியை நம்ம கூலர்தான் சுமக்கிறது.

பழைய எஃப்எக்ஸில் இருந்த டவர் கூலரை நாளை மாற்றப் போகிறேன். கொக்கி மாட்டுகிற வகைதான், அதனால் ஏஎம்4-இலும் உட்காரும். திருகு வகைக் கூலர் வைத்திருப்பவர்கள் புது பிராக்கெட் கேட்டு வாங்குங்கள், துளைகளின் இடம் மாறிவிட்டது.

21 மார்ச்

கை இன்னும் நடுங்குகிறது.

பெட்டிக் கூலர் நாலு திருகில் நிற்கிறது. நாலையும் கழற்றிவிட்டு மேலே தூக்கினேன். வரவில்லை. கொஞ்சம் பலமாகத் தூக்கினேன். "டப்" என்று வந்தது, அடியில் பிராசசரும் ஒட்டிக்கொண்டு. சாக்கெட் நெம்புகோல் பூட்டியபடியே இருக்கிறது, பிராசசர் அதிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. இன்டெல் மாதிரி மேலே இரும்புச் சட்டம் இல்லை இதில். பின்களைப் பக்கவாட்டில் இறுக்குகிற பிடி மட்டும்தான், கூலருக்கு அடியில் பூசும் தெர்மல் பேஸ்ட்டின் பிடி அதைவிடப் பெரிது.

1331 பின். ஓரத்து வரிசையில் மூன்று சாய்ந்திருந்தன. பையனின் மைக்ரோ டிப் பென்சிலில் லெட்டை எடுத்துவிட்டு, அந்தக் குழாய் நுனியை ஒவ்வொரு பின்னிலும் மாட்டி, தலைமுடி அளவு தலைமுடி அளவாக நிமிர்த்தினேன். டேபிள் லைட்டைத் தாழ்த்தி, பக்கவாட்டில் பார்த்தால் வரிசை நேராக இருக்கிறதா என்று தெரியும். நாற்று நட்ட வயலை வரப்பில் நின்று பார்க்கிற மாதிரி. இரண்டு உடனே சரியானது. மூன்றாவதுக்கு முக்கால் மணி நேரம்.

ஓடுகிறது. மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை.

21 மார்ச், பிறகு

செய்ய வேண்டியது என்ன என்று இப்போதுதான் புத்தி வந்தது: கழற்றும் முன் பத்து நிமிடம் நன்றாகச் சூடேற்றுங்கள், பேஸ்ட் இளகும். பிறகு தூக்காதீர்கள், இடமும் வலமுமாகத் திருகுங்கள். நழுவ ஆரம்பித்த பிறகு தூக்குங்கள்.

இன்னொன்று. பெட்டிக் கூலரை மாட்டும்போது போர்டில் இருந்த இரண்டு கறுப்பு பிளாஸ்டிக் சட்டங்களைக் கழற்றியிருப்பீர்கள். கொக்கிக் கூலருக்கு அவைதான் ஆதாரம். நான் அவற்றைக் குப்பையில் போட்டிருந்தேன். நல்லவேளை, குப்பை வண்டி வரவில்லை.

26 மார்ச்

வந்தது பாருங்கள். 3.95, 1.4125 வோல்ட், சினிபெஞ்ச் 1964! 1800எக்ஸ்காரர்கள் தங்கள் எண்ணைச் சொல்லுங்கள் பார்ப்போம். என் சில்லு தங்கம்.

28 மார்ச்

மேலே உள்ளது பொய். பொய் என்று தெரியாமல் சொன்ன பொய்.

நேற்று ஒருவர் தனிமடலில் கேட்டார்: "அண்ணே, மெஷினை ஸ்லீப்பில் போட்டு எழுப்பினீங்களா?" போட்டேன். மதியம் சாப்பிடப் போகும்போது வழக்கமாகப் போடுவேன். ஒரு சின்னத் துண்டை ரெண்டர் போட்டு, கைபேசியில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தேன். மென்பொருள் 11 நிமிடம் 20 விநாடி என்கிறது, கைபேசி 13 நிமிடம் 10 விநாடி என்கிறது. ஓவர்கிளாக் செய்த நிலையில் ஸ்லீப்பிலிருந்து எழுந்தால் மெஷினின் நேரக் கணக்கே பிசகிவிடுகிறது. வேகம் கூடவில்லை, விநாடி நீண்டிருக்கிறது. பக்கத்திலேயே இன்னொரு மென்பொருள் 4.59 கிகாஹெர்ட்ஸ் என்று காட்டிக்கொண்டிருந்தது. நான் அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்கவில்லை.

மெஷினை அணைத்து மறுபடி போட்டபின் எண்: 1690. நல்ல எண்தான். தங்கமில்லை, பித்தளையில் உயர்ந்த ரகம்.

26-ஆம் தேதி என்னை வாழ்த்திய ஏழு பேரும் வாழ்த்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

31 மார்ச்

ஏஎம்டி நேற்று வெளியிட்ட பட்டியலில் நம்ம ஸ்லீப் கோளாறும் இருக்கிறது. ஏப்ரலில் வரப்போகிற பயாஸில் சரியாகுமாம். ரேம் தாமதம் சுமார் 6 நானோ விநாடி குறையும் என்கிறார்கள். எஃப்எம்ஏ3 என்ற கணக்குக் கட்டளைகள் ஒரு குறிப்பிட்ட வரிசையில் வந்தால் மெஷின் மொத்தமாக உறைந்துபோகிற பிரச்சினைக்கும் அதிலேயே மருந்து. ஒரு பிராசசர் கடைக்கு வந்து ஒரு மாதத்துக்குள் இவ்வளவு மருந்துச் சீட்டா என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. முதல் நாள் கியூவில் நின்றவனுக்குத் தெரியும், அவன்தான் சோதனை எலி.

3 ஏப்ரல்

4.0 கதை. கேள்வி கேட்டவர் தினமும் வந்து "என்ன ஆச்சு நாலு?" என்கிறார்.

1.45 வோல்ட் வரைக்கும் கொடுத்துப் பார்த்துவிட்டேன். விண்டோஸ் வரும். சினிபெஞ்ச் முடியும், 1720. ரெண்டர் போட்டால் 40 நிமிடத்தில் ஒரு தடவை, 73 சதவீதத்தில் ஒரு தடவை செத்தது. கடைசித் தடவை செத்தது ஒரு நிச்சயதார்த்த வீடியோ, மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பெண் வீட்டார் வருவதாக இருந்தது. பெண்ணின் அப்பாவுக்கு வோல்டேஜ் பற்றி விளக்க முடியுமா?

1.35 வரை தினப்படி ஓட்டத்துக்குப் பரவாயில்லை, 1.45 தாங்கும் ஆனால் ஆயுள் குறையலாம் என்பது ஏஎம்டியின் சொந்தக் கணக்கு. 38 டிகிரி அறையில் நான் அந்தக் கணக்கையும் நம்பத் தயாராக இல்லை.

ஏன் இப்படிச் சுவரில் முட்டுகிறது? பயாஸில் 25 மெகாஹெர்ட்ஸ் படியாக ஏற்றிப் பார்த்து நானே ஒரு தாளில் குறித்தேன். 3.7-க்கு 1.2375 போதும். 3.8-க்கு 1.3. 3.9-க்கு 1.3625. 3.95-க்கு 1.4125. அதற்குமேல் அடுத்த 50-க்கு எவ்வளவு கொடுத்தாலும் போதவில்லை. எஃப்எக்ஸ் சூடு தாங்கிய வரைக்கும் ஏறிக்கொண்டே போனது. இது சூட்டுக்கு முன்பே மூச்சு வாங்குகிறது. குளோபல்ஃபவுண்ட்ரீஸ் இதை அச்சடிக்கிற 14 நானோமீட்டர் முறை சாம்சங்கிடம் உரிமம் வாங்கியது, குறைந்த மின்சாரத்தில் ஓடும் சில்லுகளுக்குப் பேர்போனது. சைக்கிளை மலையேற்றலாம், ஆனால் அது மலைக்குச் செய்த வண்டி இல்லை.

பிளக்கில் மீட்டர் மாட்டிப் பார்த்தேன். சினிபெஞ்ச் ஓடும்போது மொத்த மெஷினும் எந்த ஏற்றமும் இல்லாமல் 112 வாட். 3.7-இல் 143. 3.95-இல் 208. கடைசி 250 மெகாஹெர்ட்ஸுக்கு 65 வாட். அதாவது பெட்டியில் போட்டிருக்கிற முழு பிராசசரின் கணக்கு.

அதனால் "மூன்றும் ஒரே சில்லு" என்பது பாதி உண்மை. ஒரே அச்சு, ஆனால் நல்லதைப் பொறுக்கித்தான் 1800எக்ஸ் என்று பேர் வைக்கிறார்கள். அவர்களுக்கு 4.0 குறைந்த வோல்டேஜில் கிடைக்கிறது. 170 டாலருக்கு அந்த வித்தியாசம் தகுமா என்றால், எனக்குத் தகாது. ஆனால் வாங்கியவன் ஏமாளி இல்லை.

8 ஏப்ரல்

புது பவர் பிளான் வந்திருக்கிறது, "ரைசன் பேலன்ஸ்டு". போட்டுக்கொள்ளுங்கள். கேம் ஆடாதவர்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது.

11-ஆம் தேதி ரைசன் 5 வருகிறது, காத்திருக்கலாமா என்று கேட்ட தம்பிக்கு: கேமும் படிப்பும் மட்டும் என்றால் 1600 எடு. ஆறு கோர், 219 டாலர். என் மாதிரி ரெண்டரில் குடித்தனம் நடத்துகிறவன்தான் 1700 பக்கம் வர வேண்டும்.

23 ஏப்ரல்

புது பயாஸ் போட்டேன். ரேம் 2667-இல் எழுந்தது! ஒரு மாதமாக 2133-இல் முடங்கிக் கிடந்த குச்சி. 2933 இன்னும் இல்லை.

இந்த ரேம் விஷயத்தில் நான் தலைகீழாக யோசித்துக்கொண்டிருந்தேன் என்று தோன்றுகிறது. இன்டெலில் ரேம் வேகம் கூடினால் ஊறுகாய் மாதிரி, இருந்தால் நல்லது. இங்கே அப்படி இல்லை. எட்டு கோரும் ஒரே வீட்டில் இல்லை. நாலு நாலாக இரண்டு கூட்டம், கூட்டத்துக்கு 8 எம்பி எல்3 கேஷ் (சில்லுக்குள்ளேயே இருக்கும் கைநினைவு). இந்தக் கூட்டத்துக் கோர் அந்தக் கூட்டத்துக் கேஷில் இருப்பதைக் கேட்டால் நடுவில் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் என்ற இணைப்புப் பாதை வழியாகப் போய் வர வேண்டும். அந்தப் பாதையின் வேகம் ரேம் எண்ணில் சரிபாதி. ரேம் 2133 என்றால் பாதை 1066 மெகாஹெர்ட்ஸ், 2933 என்றால் 1466. மதுரைக்காரர்களுக்கு ஒரே வரியில்: வைகைக்கு வடக்கே நாலு பேர், தெற்கே நாலு பேர், நடுவில் ஏ.வி. பாலம். ஆட்கள் எவ்வளவு வேகமாக ஓடினாலும் பாலத்தில் நெரிசல் என்றால் வேலை நடக்காது.

நான் ஒரு மாதமாக ஆட்களை ஓடவிட்டுக்கொண்டிருந்தேன்.

24 ஏப்ரல்

பாலம் உவமை தப்பு என்று ஒருவர். ரெண்டரில் ஒவ்வொரு கோரும் தன் பங்கைத் தானே பார்த்துக்கொள்கிறது, பாலம் தாண்டுவதே குறைவு, அதனால் ரேமால் பெரிய லாபம் வராது என்கிறார். அளந்து பார்த்தேன். அவர் சொல்வதும் சரிதான். 2133-இலிருந்து 2667-க்கு என் ரெண்டரில் இரண்டு நிமிடம்தான் குறைந்தது. ஆனால் டைம்லைனில் முன்னும் பின்னும் இழுக்கும்போது இருந்த திக்கல் போய்விட்டது, அதற்கு என்னிடம் எண் இல்லை, கண் மட்டும்தான். ராத்திரி ஜிடிஏ 5-இல் ஊருக்குள் வண்டி ஓட்டும்போது 72 இருந்த ஃப்ரேம் 79. உவமையைக் கேமுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

7 மே

அக்னி நட்சத்திரம். அறை 40. 3.95-ஐ இறக்கிவிட்டேன்.

11 ஜூன்

ஏஜெசா 1.0.0.6 (பயாஸுக்குள் ஏஎம்டி எழுதித் தரும் பகுதி) உள்ள பயாஸ் கடைசியில் என் போர்டுக்கும் வந்தது. ரேமுக்கு இருபத்தாறு புது அமைப்புகள், 4000 வரை படிகள். கமாண்ட் ரேட் (ரேமுக்குக் கட்டளை போக எடுக்கும் துடிப்பு) இதுவரை 1டி என்று பூட்டிக் கிடந்தது, இப்போது 2டி வைக்கலாம். ரேம் 1.35 வோல்ட், எஸ்ஓசி (பிராசசரில் ரேமைக் கவனிக்கும் பகுதி) 1.1 வோல்ட். 2933-இல் முதல் தட்டிலேயே எழுந்தது. ஐந்து மணி நேரம் ரேம் சோதனை, பிழை பூஜ்யம்.

ரேம் தாமதத்துக்குச் சிஎல்15 என்று வைத்தேன், 16 என்று எடுத்துக்கொண்டது. போர்டு பிடிவாதம் பிடிக்கிறது என்று நினைக்காதீர்கள். கியர்டவுன் மோட் என்ற ரேம் அமைப்பைப் போட்டிருந்தால் ஒற்றைப்படை எண் ஏற்காது.

இனி என் நிரந்தர அமைப்பு: 3.7 கிகாஹெர்ட்ஸ், 1.2375 வோல்ட், ரேம் 2933. ரெண்டர் 77 நிமிடம். 3.95-உம் 2133-உமாக இருந்தபோது 76. அந்த ஒரு நிமிடத்தை நான் 65 வாட்டுக்கும் ஒரு நிச்சயதார்த்தத்துக்கும் விற்றுவிட்டேன். ஒரு கோர் மட்டும் வேலை செய்தால் முன்பு 3.75 போகும், இப்போது 3.7-தான். ஏற்றியதில் இறங்கிய ஒரே இடம் அது.

13 ஜூன்

"சும்மா இருக்கும்போதும் 3.7-இலேயே நிற்கிறதே, மின்சாரம் வீணாகாதா?" மல்டிப்ளையரைத் தொடாமல் பி-ஸ்டேட் (பிராசசரின் வேக நிலை) வழியாக வைத்தால் ஓய்வில் தானாக இறங்கும். ஏஎம்டி சிபிஎஸ் மெனுவுக்குள் போனால் மூன்று பெட்டி, மூன்றும் ஹெக்ஸ் எண்ணில் (பதினாறின் அடிமானம்). எஃப்ஐடியும் டிஐடியும் வேகத்துக்கு, விஐடி வோல்டேஜுக்கு. எஃப்ஐடி 94, டிஐடி 8, விஐடி 32. ஹெக்ஸ் 94 என்றால் 148. டிஐடி 8-ஆக இருந்தால் அதை 25-ஆல் பெருக்கினால் போதும், 3700. ஹெக்ஸ் 32 என்றால் 50, 1.55-இலிருந்து ஐம்பது தடவை 0.00625-ஐக் கழித்தால் 1.2375. விஐடி பெட்டியில் எண் குறைந்தால் வோல்டேஜ் கூடும், கவனம். 32 என்று அடிக்க வேண்டிய இடத்தில் 23 அடித்தால் 1.33 போய்விடும். நான் அடித்தேன்.

94-8-32 என்று ஒரு சீட்டில் எழுதி கேபினெட் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன்.

12 ஆகஸ்ட்

லினக்ஸில் பெரிய புரோகிராம்களைத் தொடர்ந்து கம்பைல் செய்தால் செக்ஃபால்ட் (நினைவகப் பிழையில் புரோகிராம் சாவது) வருகிறது என்று இரண்டு மாதமாகப் புலம்பியவர்களுக்கு: ஏஎம்டி ஒப்புக்கொண்டுவிட்டது. ஓவர்கிளாக்கால் வந்ததில்லை, எந்த ஏற்றமும் இல்லாத ஸ்டாக்கிலேயே வருவது. வந்தால் வாரன்டியில் மாற்றித் தருகிறார்கள், கேளுங்கள். எனக்கு லினக்ஸ் இல்லை. நிமிர்த்திய மூன்று பின்னோடு வாரன்டி கேட்கிற முகமும் இல்லை.

5 நவம்பர்

இன்டெலின் 8700கே வந்த பிறகு யாரும் இங்கே எட்டிப் பார்ப்பதில்லை. இருந்தாலும் ஒரு விஷயத்தைப் பதிந்துவிடுகிறேன்.

ஐப்பசி முகூர்த்தம், மழை, இடி. அக்டோபர் நடுவில் இருந்தே ரெண்டர் 90 நிமிடத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. புதுக் கேமராவின் ஃபைல்கள் கனம் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நேற்று எதற்கோ பயாஸுக்குள் போனால் எல்லாம் ஸ்டாக்கில் நிற்கிறது. ரேம் 2133. கரண்ட் போய் வந்த ஏதோ ஒரு காலையில் 2933-இல் எழ முடியாமல், போர்டு சத்தமில்லாமல் பழையபடிக்குத் திரும்பியிருக்கிறது. மூன்று வாரம். 25 மெகாஹெர்ட்ஸுக்காக ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்திருந்தவனுக்கு மூன்று வாரமாகத் தெரியவில்லை.

சீட்டைப் பார்த்து 94, 8, 32 மறுபடி போட்டேன். ரெண்டர் தொடங்கிய ஐந்தாவது நிமிடம் உதவிக்கு இருக்கும் பையன் எட்டிப் பார்த்தான்: "அண்ணே, ஃபேன் திரும்பச் சத்தம் போடுதே. போன மாசம்தான் ரிப்பேர் பண்ணீங்க?"